கிறிஸ்துமஸ் தட்டு யார் கையில்

மனாமா, பஹ்ரைன்
14 நவம்பர் 1986

அன்புள்ள அக்கா எர்மெலிண்டாவுக்கு,

நீயும் லிராவும் நலமா? இங்கே நானும் பியெதாதும் நலம். அத்தான் ரொசாரியோவின் அடக்கத்துக்கு வர முடியாமல் போனது இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. ஓட்டலில் விடுப்புக் கேட்டேன். அக்காள் புருஷன் நெருங்கிய உறவில் சேராது என்று மேலாளர் சொல்லிவிட்டார். அவர் நாட்டில் அப்படி இருக்கலாம். ஒரு தந்திதான் என்னால் முடிந்தது.

இப்போது என் மகள் காரியத்துக்கு வருகிறேன். லிராவுக்கு நிச்சயம் ஆன பிறகு வருகிற முதல் கிறிஸ்துமஸ் இது. நம் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் பலகாரத் தட்டு போயாக வேண்டும். அந்தத் தட்டை வைத்துத்தான் ஆற்றுக்கு அக்கரையில் ரிபந்தரில் இருக்கிறவர்கள் நம் பெண்ணை எடை போடுவார்கள். மாப்பிள்ளையின் அம்மா எதெல்வினாபாய் லேசுப்பட்டவர் இல்லை. தோப்பு, வயல், ரொட்டிக் கடை எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகக் கட்டி ஆள்கிறவர். அவர் மகன் ஒலாவோ நம் லிராவுக்கு அமைந்தது நம் அதிர்ஷ்டம்.

ஆனால் நம்முடையது துக்க வீடு. இந்த வருஷம் நம் அடுப்பில் பலகாரச் சட்டி ஏறக் கூடாது. அதனால் நானே ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். என் சிநேகிதன் மெனினோ அடுத்த மாதம் ஊருக்கு வருகிறான். அவனிடம் ஒரு பெட்டி கொடுத்தனுப்புகிறேன். சுவிஸ் சாக்லேட், நீல டின்னில் வெண்ணெய் பிஸ்கட், உயர்ந்த ரகப் பேரீச்சம்பழம், ஒரு விஸ்கி. ஓட்டல் ஸ்டோர் என் பொறுப்பில் இருப்பதால் எது உசத்தி என்று எனக்குத் தெரியும். தட்டில் அடுக்கி, மேலே பின்னல் துணியைப் போட்டால் போதும்.

இன்னொன்று. தட்டை ஜோவாகினா எடுத்துப் போகட்டும். பியெதாதின் தங்கை, லிராவுக்குச் சித்தி, முறையாக இருக்கும். நீ படகேற வேண்டாம். கறுப்பு உடுப்பில் இருக்கிறாய். போவதோ முதல் தட்டு. காரணத்தை நான் எழுத்தில் வைக்க வேண்டியதில்லை, உனக்கே தெரியும்.

உன் தம்பி
கயித்தான்


திவார் தீவு, கோவா
25 நவம்பர் 1986

கயித்தான்,

எனக்குத் தெரியாது. நீயே எழுத்தில் வை. வைக்கக் கை கூசுகிறது என்றால் அந்தப் பேச்சை விட்டுவிடு.

துக்க வீட்டில் பலகாரம் செய்யக் கூடாது என்பது வழக்கம். நான் செய்யப் போவதில்லை. ஆனால் துக்க வீட்டிலிருந்து பலகாரம் போகக் கூடாது என்று எந்தச் சாமியாரும் பிரசங்கம் வைத்து நான் கேட்டதில்லை. இந்தத் தீவில் எத்தனை அடுப்பு எரிகிறது, எத்தனை கைகள் கிண்டுகின்றன. அதில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி எடுக்க எனக்குத் தெரியாதா? லிரா திவாரில் வளர்ந்த பெண். அவள் வீட்டுத் தட்டைத் திறந்தால் திவார் தேங்காய்ப்பால் மணக்க வேண்டும். உன் டின்னைத் திறந்தால் டின்தான் மணக்கும். போன தடவை நீ கொண்டுவந்த நீல டின்னில் ஊசியும் நூலும் போட்டு வைத்திருக்கிறேன். ஊரில் எல்லார் வீட்டிலும் அதே டின், அதே ஊசி நூல். எதெல்வினாபாய் வீட்டிலும் இல்லாமலா இருக்கும்?

தட்டு என் கையால்தான் போகும். நீயும் பியெதாதும் விமானம் ஏறியபோது லிராவுக்கு ஏழு வயது. அவள் கையைப் பிடித்து என் கையில் வைத்துவிட்டுப் போனீர்கள். அம்மை போட்டபோது வேப்பிலை தேடியதும், பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னி அனுப்பியதும், நிச்சயத்துக்கு மோதிரம் அளவு பார்த்ததும் இந்தக் கைதான். அப்போதெல்லாம் நல்ல கையாக இருந்தது. ரொசாரியோ கண்ணை மூடிய அன்றைக்கு என் கைக்கு என்ன வந்துவிட்டது, அதைச் சொல்.

அவர் போன வலியே எனக்குப் போதும். அதன் மேல் நீயும் ஒரு கல்லைத் தூக்கி வைக்காதே.

எர்மெலிண்டா


மனாமா
5 டிசம்பர் 1986

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே ஜோவாகினாவின் கடிதமும் பியெதாதுக்கு வந்தது. நாலு பக்கம். புருஷன் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கறுப்பு உடுப்போடு வீடு வீடாக ஏறிப் பலகாரம் ருசி பார்த்துக்கொண்டிருக்கிறாயாம். ஊரே சிரிக்கிறதாம். தேங்காய்ப் பூரணம் வைத்து மடித்து அவள் பொரித்த நெவ்ரியைக் கடித்துப் பார்த்துவிட்டுச் செருப்புத் தோல் என்றாயாம். அவள் அழுது எழுதியிருக்கிறாள். பியெதாத் இரண்டு நாளாக என் முகத்தைப் பார்க்கவில்லை, நெவ்ரியைப் பழித்தது நான் என்பது போல.

காரணத்தை எழுது என்று கேட்டாய். எழுதுகிறேன். புருஷனை இழந்தவள் கையால் முதல் தட்டு போனால் பெண்ணுக்கு ஆகாது என்று சொல்வார்கள். நான் சொல்லவில்லை, சொல்வார்கள். அவர்கள் வாயை நீ அடைப்பாயா? லிராவுக்கு இருபத்து நாலு வயது. இது தட்டிப்போனால் இனி இப்படி ஓர் இடம் வருமா? எதெல்வினாபாய் உன்னை வாசலில் பார்த்து முகம் சுளித்து, இந்தக் கல்யாணம் நின்றுபோனால் நீ என் மகளுக்கு என்ன பதில் வைத்திருக்கிறாய்?

நான் இல்லாத வீட்டில் முடிவும் என்னுடையது இல்லை என்று நினைக்கிறாய் போலிருக்கிறது. வாதாட எனக்கு நேரமில்லை. எதெல்வினாபாய்க்கே நேராக ஒரு கடிதம் எழுதி இதே தபாலில் போடுகிறேன். நீ வீட்டில் இரு.

கயித்தான்


திவார்
15 டிசம்பர் 1986

கயித்தான்,

சொல்வார்கள், சொல்வார்கள் என்று எழுதியிருக்கிறாய். யார்? பெயர் எழுது, நான் நேரில் போய்க் கேட்கிறேன். இதுவரை அப்படிச் சொன்ன ஒரே ஆள் நீதான்.

ஜோவாகினா விஷயம். நான் முதலில் செருப்புத் தோல் என்று சொல்லவில்லை. ஓரம் கொஞ்சம் தடிமன் என்றேன். மறுபடி கேட்டாள், மறுபடியும் அதையே சொன்னேன். மூன்றாவது தடவை கேட்டபோது செருப்பு என்று வாயில் வந்துவிட்டது. கேட்காமல் இருந்திருக்கலாம்.

ஊர் சிரித்தது நிஜம், ஆனால் அவள் எழுதிய காரணத்துக்காக இல்லை. முதலில் கெருபினா வீட்டுக்குப் போனேன். தேங்காய்ப்பால் ஊற்றி அடுக்கடுக்காக அவள் சுடும் பெபிங்காவுக்கு இந்தத் தீவில் ஈடு கிடையாது என்பது உனக்கே தெரியும். ஒரு முழு பெபிங்கா வேண்டும், விலை சொல் என்றேன். அவ்வளவுதான், அவள் கண் கலங்கி என்னைக் கட்டிக்கொண்டாள். "துக்க வீட்டுக்கு நாங்களே தட்டு கொண்டாந்து தருவோம்ல? அதுக்குள்ள நீயே வாய்விட்டுக் கேக்குற அளவுக்கா ஆயிருச்சு?" என்றாள். அடுத்த வீட்டிலும் அதே கதை. அதற்கடுத்த வீட்டில் காப்பி வேறு கொடுத்து உட்கார வைத்து ஒப்பாரி வைத்தார்கள். சாயங்காலத்துக்குள், பாவம் எர்மெலிண்டா இனிப்புக்கு ஏங்கித் தெருவில் இறங்கிவிட்டாள் என்று ஊர் முழுக்கப் பேச்சு.

கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு இங்கே யாரும் காசு வாங்க மாட்டார்கள். துக்க வீட்டுக்கு இரக்கப்பட்டுக் கொடுத்ததை நான் சம்பந்தி வீட்டுக்குத் தூக்கிப் போக முடியாது. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகு லிராதான் ஒரு வழி சொன்னாள். பொருளெல்லாம் நம்முடையது, அடுப்பும் கையும் அவர்களுடையது. நம் மரத்துத் தேங்காய், நம் கோழி முட்டை, நம் கொல்லை விறகு, இங்கேயே காய்ச்சிய தென்னை வெல்லம். சுமந்துகொண்டு போய் அவர்கள் முற்றத்தில் இறக்கினேன். இப்போது யாரும் இரக்கப்பட முடியாது.

நான் கரண்டியைத் தொடுவதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சமையலறை நிலையில் நிற்கிறேன். வாய்க்குத் துக்கம் கிடையாதே. கனல் மேலே போதாது, அடுத்த ஏடு ஊற்றலாம், நெய் தடவு என்று நான் சொல்லச் சொல்ல, கெருபினா வியர்வையைத் துடைத்துவிட்டு, "ஒன் கை சும்மா இருந்தா வாய் ரெண்டாள் வேலை பாக்குது" என்றாள். பெபிங்கா ஏடு ஏடாக அப்படி வந்திருக்கிறது.

தொதோல் அல்வாவுக்கு மூன்று வீட்டில் ருசி பார்த்தேன். ஒன்றில் அடி பிடித்திருந்தது. ஒன்றில் வெள்ளைச் சர்க்கரை கலந்திருந்தாள், கேட்டால் இல்லை என்று சத்தியம் செய்கிறாள். ஆஞ்செலின் செய்ததுதான் தொதோல். கறுத்து, பளபளத்து, கத்திக்கு வழிவிட்டு, பல்லை விடாமல் பிடித்தது. அவளிடமே நம் தேங்காயைக் கொடுத்திருக்கிறேன். ஃபெனிச் சாராயத்துக்குப் போஸ்தியானிடம் போனேன். மூன்று சாடி திறந்தான். உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்த்து, இரண்டை வேண்டாம் என்றேன், புகை வாடை. மூன்றாவதைப் போத்தலில் ஊற்றிக் குலுக்கினால் முத்து முத்தாகக் குமிழி நின்றது. ரொசாரியோ இருந்திருந்தால் முதல் சாடியிலேயே உட்கார்ந்திருப்பார். அதை நினைத்துப் போஸ்தியானும் நானும் சிரித்தோம்.

மெனினோ பெட்டியைக் கொண்டுவந்தான். டின், சாக்லேட், விஸ்கி எல்லாவற்றையும் கோயில் பரிசுக் குலுக்கலுக்குக் கொடுத்துவிட்டேன். பங்குச் சாமியார் உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். பேரீச்சம்பழத்தை மட்டும் வைத்துக்கொண்டேன், லிராவுக்குப் பிடிக்கும்.

எதெல்வினாபாய்க்கு நீ என்ன எழுதினாயோ எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். இருபத்து நாலாம் தேதி மதியப் படகில் நான் போகிறேன். நிறுத்த வேண்டுமென்றால் விமானத்தில் வந்து படகுத்துறையில் குறுக்கே நில்.

எர்மெலிண்டா


தந்தி
மனாமா, 22 டிசம்பர் 1986

தட்டு வேண்டாம். படகேறாதே. எதெல்வினாபாய்க்கு எழுதியாகிவிட்டது. கயித்தான்.


திவார்
26 டிசம்பர் 1986

கயித்தான்,

துக்க வீட்டுக்குத் தந்தி அனுப்பலாமா? தந்திச் சேவகன் சைக்கிள் மணியை அடித்ததும் தெரு முழுக்க நம் வாசலில் கூடிவிட்டது, அடுத்து யார் போனது என்று. கெருபினா ஜெபமாலையோடு வந்துவிட்டாள். படித்துக் காட்டினேன். எல்லாரும் உன்னைத் திட்டிக்கொண்டே கலைந்து போனார்கள்.

படகேறினேன். லிரா ஃபெனி போத்தலை எடுத்துக்கொண்டாள், தட்டு என் கையில். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் இதில் பாதி உன் வேலை.

ரிபந்தர் துறையில் படகு முட்டிப் பலகையை இறக்கினார்கள். எதிரே, இதே படகில் ஏற எதெல்வினாபாய் நிற்கிறார். பக்கத்தில் அவர் நாத்தனார். பின்னால் ஒலாவோ, அவன் கையில் பின்னல் துணி போட்ட ஒரு தட்டு. என் கையில் ஒரு தட்டு. இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குத் தட்டு போவதை இந்த ஆற்றில் யார் பார்த்திருக்கிறார்கள்?

உன் கடிதம் கிடைத்ததாம். துக்க வீடு, இந்த வருஷம் தட்டு வராது, டின் வரும் என்று எழுதியிருந்தாயாம். துக்க வீட்டுக்கு மற்ற வீட்டார்தான் பலகாரம் கொண்டுபோக வேண்டும், அதனால் கிளம்பிவிட்டேன் என்றார். இது எங்கள் அடுப்பில் செய்ததில்லை, ஊர்க்காரர்கள் செய்தது, தேங்காய் எங்களுடையது என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்போது அந்த நாத்தனார் மெல்லிய குரலில் சொன்னாள். மெல்லிய குரல் என்று அவள் நினைத்தாள், எல்லாருக்கும் கேட்டது.

"தட்டை அந்தப் பொண்ணு கைக்கு மாத்தி வாங்கு. மொதத் தட்டு. அவ கறுப்புல நிக்கிறா, பாக்கலையா?"

பார்த்தாயா, நீ சொன்ன அந்த 'சொல்வார்கள்' வந்துவிட்டார்கள். உனக்குச் சந்தோஷமாக இருக்கலாம். நான் தட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். இந்தத் தட்டு என் கையிலிருந்துதான் இறங்கும் என்று சொல்ல எத்தனையோ நாளாக மனதில் வைத்திருந்தேன், அந்த நேரம் பார்த்து வாய் வரவில்லை. லிரா பக்கம் திரும்பினேன். அவள் போத்தலை ஒலாவோவிடம் கொடுத்தாள். பிறகு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அத்தை கையில இருந்து வாங்குறதா இருந்தா வாங்குங்க. இல்லன்னா நாங்க இதே படகுல திரும்பிடுறோம்," என்றாள்.

அதை நான் சொல்லியிருந்தால் வெறும் பிடிவாதம். அவள் சொன்னால் போவது அவள் கல்யாணம். ஒலாவோ போத்தலைத் திருப்பிக் கொடுக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். அந்தப் பையனை எனக்கு அப்போதுதான் முழுசாகப் பிடித்தது.

எதெல்வினாபாய் கைப்பையைத் திறந்து உன் கடிதத்தை எடுத்தார்.

"ஒங்க தம்பி இன்னொண்ணும் எழுதியிருக்காரு," என்றார். "'என் தமக்கை விதவை. அவளே வந்து நின்றால் தவறாக எடுக்க வேண்டாம், தட்டை அவள் கையால் வாங்க வேண்டாம்.' எம் புருஷன் போயி ஒம்பது வருஷம். அந்த வார்த்தைய எங்கிட்ட யாரும் சொன்னதில்ல, பயந்துக்கிட்டு முழுங்கிருவாங்க. இவரு ஒருத்தருதான் எனக்கே எழுதி அனுப்பியிருக்காரு."

கயித்தான், எனக்கே அந்த நிமிஷம்வரை அது தோன்றவில்லை. அவர் எதெல்வினாபாய். கத்திரிப்பூ நிற உடுப்பு, கழுத்தில் சங்கிலி, ஏவினால் ஓடுவதற்கு ஆட்கள். அவரும் நானும் ஒன்று என்று எனக்கே பட்டதில்லை.

அவர் நாத்தனார் பக்கம் திரும்பினார். "இவங்க கை ஆகாதுன்னா என் கையும் ஆகாது. அப்ப கல்யாணத்தன்னைக்கு எம் மவனக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறது யாரு, நீயா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எதெல்வினாபாய் முன்னால் வந்து இரண்டு கையாலும் தட்டை என் கையிலிருந்து வாங்கினார். துணியை விலக்கி அங்கேயே, அத்தனை பேர் நடுவிலேயே, தொதோலில் ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டார். நிதானமாக மென்று முடித்தார். யார் கிண்டியது என்று கேட்டார். ஆஞ்செலின் என்றேன். கல்யாணத்துக்கும் அவளையே கூப்பிடுங்கள் என்றார்.

நான் அழுதேன். துறையில், பார்க்கிற அத்தனை பேருக்கும் முன்னால். அடக்கத்தன்றுகூட நான் அப்படி அழவில்லை. அதற்காக வெட்கப்படவும் இல்லை.

அவர் கொண்டுவந்த தட்டை நாங்கள் வாங்கிக்கொண்டு வந்தோம். அவர் கடையில் சுட்ட தேங்காய் பிஸ்கட், அவர் தோட்டத்துக் கொய்யாவில் செய்த பெராட். பிஸ்கட் நன்றாக இருக்கிறது. பெராட்டில் சர்க்கரை தூக்கல், ஆனால் நான் அதைச் சொல்லப் போவதில்லை.

உன் நீல டின் குலுக்கலில் ஜோவாகினாவுக்கு விழுந்தது.

கடைசியாக ஒன்று. உன் கடிதத்துக்கான பதிலை ஏப்ரலில் நீ கல்யாணத்துக்கு வரும்போது நேரில் சொல்வதாக எதெல்வினாபாய் சொன்னார். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

எர்மெலிண்டா


மனாமா
6 ஜனவரி 1987

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் பியெதாத் சத்தமாகப் படித்தாள். படகுத்துறை வரும்வரை நான் இடையில் பேசிக்கொண்டிருந்தேன். டின்களைக் குலுக்கலுக்குக் கொடுத்ததற்குக் கத்தினேன். சாக்லேட்டின் பெருமையைச் சொன்னேன். அப்புறம் அவள், 'எம் புருஷன் போயி ஒம்பது வருஷம்' என்ற வரியைப் படித்துவிட்டு நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

எதெல்வினாபாயின் புருஷன் இறந்தது எனக்குத் தெரியாததா? தெரியும். தோப்பும் வயலும் கடையும் உள்ளவரைப் பற்றி அப்படி நினைக்க எனக்குத் தோன்றவில்லை. உன்னைப் பற்றி மட்டும் நினைக்கத் தோன்றியது. இதை எழுதும்போது முகம் சுடுகிறது. அவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன். ஏப்ரலில் அவர் என்ன சொன்னாலும் நின்று வாங்கிக்கொள்கிறேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுத ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். எனக்கு அது வரவில்லை. அதனால் முடிவை மட்டும் எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் லிராவை உட்கார வைத்துத் தேங்காய்ப்பால் பூசும் சடங்கில், முதல் கை பெற்றவளுடையது. புருஷனை இழந்தவர்கள் கிட்டே வராமல் தள்ளி நின்று பாட்டுப் பாடுவார்கள். நம் அம்மாவும் உன் கல்யாணத்தில் அப்படித்தான் மூலையில் நின்றாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

பியெதாதிடம் பேசினேன். உண்மையில் அவள்தான் பேசினாள். "நான் பெத்தேன், அவங்க வளத்தாங்க. மொதக் கை அவங்களோடது," என்றாள். எனக்கும் அதுதான் முடிவு. முதல் கை உன்னுடையது. அடுத்ததுதான் அவளுடையது. ஜோவாகினா எழுந்து போனால் போகட்டும், வாசலில் நின்று நானே வழி விடுகிறேன்.

ஏப்ரலில் உனக்கு வருஷம் திரும்பியிருக்காது. அன்றைக்கு ஒரு நாள் மட்டும் வேறு நிறம் உடுத்திக்கொள்ளேன் என்று யாராவது இதமாகச் சொல்வார்கள். கேட்காதே. நானே வந்து சொன்னாலும் கேட்காதே. கறுப்பு உடுப்போடு வந்து, எல்லாருக்கும் முன்னால், என் மகள் தலையில் கை வை.

உன் தம்பி
கயித்தான்